அமானிதமும் ஓர் இரும்புப் பெட்டியும்



மயிலாப்பூரில் வசிக்கும் நாங்கள் இருவரும் கணவன், மனைவி. எங்களில் ஒருவர் கணினி வலையமைப்புத் துறையில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவர். மற்றவர் பள்ளி ஆசிரியை. தியாகராய நகரில் இயங்கும் ஒரு கல்வி அறக்கட்டளையின் இணையதளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு எங்கள் இருவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பிளஸ் டூ முடித்த ஏழை மாணவ, மாணவியர் கல்லூரிக் கட்டண உதவி கேட்டு அத்தளத்தில் விண்ணப்பிப்பார்கள். ஒருவர் கணினியைக் கவனிப்பார். மற்றவர் விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்து ஒழுங்கு செய்வார். ஊதியம் பெறாத பணி என்பதால் அதை இலேசான பணி என்று நாங்கள் எண்ணியதில்லை. ஆயினும் சென்ற ஆண்டு ஓர் இரவில், அந்தப் பணியின் கனம் எங்களுக்கு உண்மையாகவே விளங்கியது.

அன்று விண்ணப்பிக்கக் கடைசி நாள். நள்ளிரவு பன்னிரண்டு மணியோடு தளம் மூடப்படும். இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய சிறிது நேரத்தில் கைபேசி ஒலித்தது. அழைத்தவர் மயிலாப்பூரிலேயே ஆட்டோ ஓட்டும் ஒரு தந்தை.

“பாய், பாப்பா அரை மணி நேரமா முயற்சி பண்ணிக்கிட்டிருக்கு. பக்கமே திறக்கல. நாங்கதான் ஏதாவது தப்பா அழுத்திட்டோமா?”

அவர்கள் எதையும் தவறாக அழுத்தவில்லை. அறக்கட்டளை அலுவலகம் இருந்த தெருவில் மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டியபோது இணைய வடம் அறுந்திருந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வடம். அதன் மறுமுனையில் ஒரே ஒரு கணினி. வடத்தை ஒட்டி முடிக்கும்போது மணி இரண்டு ஆகிவிட்டது. மறுநாள் முழுவதும் தளத்தைத் திறந்து வைக்க நிர்வாகக் குழு அனுமதி தந்தது. எங்களை அழைத்தவர்கள் எல்லோருக்கும் செய்தி சொன்னோம், அவர்கள் விண்ணப்பித்தார்கள், ஆட்டோ ஓட்டுநரின் மகளும் விண்ணப்பித்தாள். ஆனால் அழைக்காதவர்கள்? “நமக்கு நஸீப் இல்லை” என்று கைபேசியை வைத்துவிட்டு உறங்கப் போனவர்கள்? அவர்கள் எத்தனை பேர், எந்த ஊரைச் சேர்ந்தவர்கள் என்பதை இன்றுவரை நாங்கள் அறியோம். ஒருவர் தம் பொருளை நம்மிடம் கொடுத்து வைத்தால் அது அமானிதம் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஒரு பிள்ளையின் கல்லூரிக் கனவு ஒரு கணினியின் வாசலில் வந்து நிற்கும்போது, அந்த வாசலைக் காப்பதும் அமானிதமே என்பதை அன்றிரவு உணர்ந்தோம்.

இவ்வாண்டு ஒரு நல்ல உள்ளம் கொண்ட அன்பர், தம் நிறுவனம் மாற்றிய இரண்டு பழைய கருவிகளை அறக்கட்டளைக்குத் தந்தார். டி.என்.எஸ். வழியே சுமையைப் பகிரும் கருவிகள் அவை. பார்ப்பதற்குத் தட்டையான இரும்புப் பெட்டி, கனமோ அதிகம். அவற்றை நிறுவிய கதையையே இங்கே எழுதுகிறோம். மதரஸா, பள்ளி, ஜமாஅத், மருத்துவ உதவி மையம் என ஏதேனும் ஓர் இணையதளத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இது பயன்படலாம் என்பதே எங்கள் எண்ணம்.

முதலில் டி.என்.எஸ். என்பது என்ன? எங்களில் ஆசிரியையாக இருப்பவரே இக்கேள்வியைக் கேட்டார். இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் எண்களாலான முகவரி உண்டு. மனிதர்க்கு எண் நினைவில் நிற்பதில்லை, பெயர்தான் நிற்கும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் ஏற்பாடே டி.என்.எஸ். தொடக்கக் காலத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் ஒரே ஒரு கோப்பில் எல்லாக் கணினிகளின் பெயர்களையும் எழுதி வைத்திருந்தார்கள். கணினிகள் பெருகவே அந்தக் கோப்பு தாக்குப்பிடிக்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் இப்போதைய முறையை வகுத்தார். இதன் அழகு, முழுப் பட்டியலையும் எவரும் தம்மிடம் வைத்துக்கொள்வதில்லை என்பதே. உச்சியில் இருப்பவர் அடுத்தவரைக் காட்டுவார். அடுத்தவர் அதற்கடுத்தவரைக் காட்டுவார். கடைசியில் உரிய வீட்டார் தம் முகவரியைத் தாமே சொல்வார்.

நம் சென்னைக்கும் இதில் நெடிய தொடர்பு உண்டு. 1986இல் தொடங்கப்பட்ட எர்நெட் என்னும் கல்வி வலையமைப்பில் பங்கேற்ற முதல் எட்டு நிறுவனங்களில் அடையாறை ஒட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸும் ஒன்று. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகியவற்றோடு சென்னையும் முதல் நான்கு நகரங்களில் இருந்தது. டி.என்.எஸ். உச்சியில் ஏ முதல் எம் வரை பதின்மூன்று பெயர்களில் மூல வழங்கிகள் இருக்கின்றன. அவற்றுள் எஃப் என்பதன் நகல் ஒன்று 2005இல் சென்னையில் நிறுவப்பட்டது. ஐ மும்பையிலும், கே டெல்லிப் பகுதியிலும் வந்தன. ஒரே முகவரியைப் பல ஊர்களில் பல கணினிகள் ஏற்று, அருகில் இருப்பது பதில் சொல்லும் முறை அது. ஓரிடத்தில் கோளாறு என்றால் மற்றோர் இடம் அமைதியாகப் பொறுப்பேற்கும். உலகின் மூல வழங்கிகளே ஒற்றை இடத்தை நம்பி இருப்பதில்லை. நாங்களோ ஒற்றை வடத்தை நம்பி இருந்தோம்.

சுமைப் பகிர்வுக் கருவி செய்யும் வேலையை விளக்க, எங்களுக்குக் கல்யாண வீட்டு வலீமா விருந்துதான் உதவியது. பந்தி வாசலில் ஒருவர் நிற்பார். “மேல் மாடியில் இடம் இருக்கிறது, அங்கே போங்கள், இங்கே இப்போதுதான் அமர்ந்திருக்கிறார்கள்” என்று வருவோரைப் பிரித்து அனுப்புவார். அவர் பிரியாணிச் சட்டியைத் தூக்குவதில்லை, இலை போடுவதில்லை, வழி மட்டுமே சொல்கிறார். டி.என்.எஸ். சுமைப் பகிர்வுக் கருவியும் அப்படியே. விண்ணப்பம் அதன் வழியாகப் போவதில்லை. “இந்தப் பெயருக்கு எந்த முகவரி?” என்று கேட்போர்க்கு, அந்த நொடியில் நலமாக இயங்கும் கணினியின் முகவரியைச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. பல முகவரிகளை மாற்றி மாற்றிச் சொல்லிச் சுமையைப் பகிரும் வழக்கம் பழையது. 1995 ஏப்ரலில் வெளியான ஆர்.எஃப்.சி. 1794 என்னும் ஆவணமே இதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் சாதாரண முறையில், இறந்துபோன கணினியின் முகவரியும் வரிசையில் வந்துகொண்டே இருக்கும். மாடிக் கதவு பூட்டியிருப்பது தெரியாமல் விருந்தினரை மாடிக்கு அனுப்புபவரைப் போன்றது அது. கருவியோ அடிக்கடி எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும். வேறுபாடு அவ்வளவே.

இனி நிறுவிய முறைக்கு வருவோம். பெட்டியை மின்சாரத்தில் இணைப்பதற்கு முன்பு இரண்டு மாலைப் பொழுதுகளைக் காகிதத்தோடு கழித்தோம். எந்தப் பெயர், எந்த முகவரி, எந்தக் கணினி, யார் சேவை தருகிறார், பெயரைப் பதிவு செய்த கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என எல்லாவற்றையும் எழுதினோம். கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்க மூன்று நாள்கள் ஆயின. முன்பு பொறுப்பில் இருந்த ஒருவரின் பழைய மின்னஞ்சலில் அது கிடந்தது. வாசகர்களே, உங்கள் தளத்திலும் இதை முதலில் தேடிப் பாருங்கள்.

பெட்டிகள் பழையவை ஆதலால், தயாரித்த நிறுவனம் அவற்றுக்கு இன்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் தருகிறதா என்று உறுதி செய்தோம். தராத கருவியை இணையத்தின் முன்வாசலில் வைப்பது, பூட்டு உடைந்த கதவை வாங்கிப் பொருத்துவதற்குச் சமம். பிறகு முந்தைய உரிமையாளரின் அமைப்புகள் எல்லாவற்றையும் அழித்து ஆலை நிலைக்குக் கொண்டுவந்தோம். ஒன்றைத் தி.நகர் அலுவலகத்திலும், மற்றொன்றை அடையாறில் ஒரு நண்பரின் அலுவலகத்திலும் வைப்பது என முடிவாயிற்று. இரு இடங்களிலும் வெவ்வேறு இணையச் சேவையாளர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மின்கம்பிகள் இருந்தன. இரண்டையும் ஒரே யூ.பி.எஸ்.சில் செருகினால் பயனில்லை என்பதால் தனித்தனியே கொடுத்து, எர்த் இணைப்பையும் சரிபார்த்தோம்.

முதல் இணைப்பு கன்சோல் கம்பி வழியாக. நுழைந்தவுடன் செய்த முதல் வேலை ஆலைக் கடவுச்சொல்லை மாற்றியது. அடுத்து, நிர்வாகத்துக்கான வாயிலைப் பொது இணையத்திலிருந்து பிரித்துத் தனி வலையமைப்பில் வைத்தோம். மூன்றாவதாகக் கடிகாரம். நேரச் சேவை வழியாக இரு பெட்டிகளும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். இல்லையேல் கோளாறு நேரும்போது எது முன்னே நடந்தது என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பின்பு மென்பொருளைப் புதுப்பித்து, அமைப்பின் நகலை எடுத்து வேறிடத்தில் சேமித்தோம்.

கேள்விகளைக் கேட்டுப் பதில் சொல்லும் வாயிலின் எண் 53. இங்கே பலர் ஒரு தவறு செய்வதுண்டு. ஃபயர்வாலில் யு.டி.பி. வழியை மட்டும் திறந்துவிட்டு டி.சி.பி. வழியை மூடிவிடுவார்கள். சிறிய பதில் யு.டி.பி.யில் போய்விடும், பெரிய பதில் வெட்டுப்பட்டு, கேட்டவர் டி.சி.பி.யில் மீண்டும் வருவார். அங்கே கதவு மூடியிருக்கும். இரண்டையும் திறக்க வேண்டும். அதே வேளையில், எங்கள் தளத்தைத் தவிர வேறு எந்தப் பெயரைக் கேட்டாலும் தேடித் தரும் வேலையை நிறுத்தி வைத்தோம். ஊரார் அனைவருக்கும் தேடித் தரும் பெட்டியைப் பிறரைத் தாக்கும் ஆயுதமாகத் தீயவர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள்.

அறக்கட்டளையின் எல்லாப் பெயர்களையும் பெட்டியிடம் ஒப்படைக்கவில்லை. மின்னஞ்சல் முதலியவை பழைய இடத்திலேயே இருக்கின்றன. விண்ணப்பத்துக்கென ஒரு கிளைப் பெயரை மட்டும் பிரித்து, “இதைப் பற்றி இவ்விருவரையும் கேளுங்கள்” என்று மேலிடத்தில் எழுதி வைத்தோம். ஏதேனும் பிழை நேர்ந்தாலும் அந்தக் கிளையோடு நின்றுவிடும்.

அடுத்து ஆயுட்காலம். டி.என்.எஸ். பதில் ஒவ்வொன்றோடும், இதை எத்தனை நொடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற குறிப்பு போகும். எங்கள் பழைய பதிவில் அது 86,400 நொடி, அதாவது ஒரு முழு நாள். பெட்டி எவ்வளவு விரைவாக முகவரியை மாற்றினாலும், நேற்றுக் கேட்டவர்கள் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதை 60 நொடியாகக் குறைத்தோம். குறைத்த உடனேயும் மாற்றம் செய்யக் கூடாது. பழைய ஒரு நாள் கணக்கு எல்லோரிடத்திலும் தீர வேண்டும். ஆகவே இரண்டு நாள் பொறுத்திருந்தோம்.

சுமையை எப்படிப் பிரிப்பது என்பதுதான் எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது. ஆளுக்குப் பாதி என்று சமமாகப் பிரிக்கலாம்; இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரிக்கலாம்; கேட்பவர் இருக்கும் திசையைப் பார்த்து அனுப்பலாம்; ஒன்று முதன்மை, மற்றொன்று மாற்று என்றும் வைக்கலாம். சமமாகப் பிரிக்கவே முதலில் ஆசைப்பட்டோம். ஆனால் பாதி விண்ணப்பங்கள் தி.நகரிலும் பாதி அடையாறிலும் எழுதப்பட்டால், இரண்டையும் பிழையின்றி இணைப்பது யார்? பந்தி வாசலில் நிற்பவர் மாடியிலும் கீழேயும் எத்தனை பேர் உண்டார்கள் என்ற கணக்கை எழுதுவதில்லை. எனவே தி.நகரை முதன்மையாகவும் அடையாறை மாற்றாகவும் வைத்தோம். தி.நகரில் பதிவாகும் ஒவ்வொரு விண்ணப்பமும் உடனுக்குடன் அடையாறுக்கு நகலாகும். அடையாறு ஒருமுறை பொறுப்பேற்றுவிட்டால், எழுதும் உரிமையும் அதற்கே. தி.நகர் மீண்டும் உயிர் பெற்றாலும், இரு பக்கத்துப் பதிவுகளையும் நாங்கள் ஒத்துப் பார்த்து அனுமதிக்கும் வரை போக்கு தானாகத் திரும்பக் கூடாது என்றும் கட்டளை எழுதினோம்.

நலம் அறியும் சோதனையில் நாங்கள் தவறினோம். கணினி உயிரோடு இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்க்கும் ‘பிங்’ சோதனையை மட்டும் வைத்திருந்தோம். ஒத்திகையின்போது தி.நகரில் விண்ணப்ப நிரலை வேண்டுமென்றே நிறுத்தினோம். பக்கம் திறக்கவில்லை, ஆனால் பெட்டியோ எல்லாம் நலம் என்று அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தது. கணினி விழித்திருந்தது, வேலை செய்யவில்லை.

எங்களில் ஆசிரியையாக இருப்பவர் சிரித்தார். “என் வகுப்புல ‘உள்ளேன் டீச்சர்’னு சொல்ற பிள்ளைகள் எல்லாருக்கும் பாடம் புரிஞ்சிருக்குன்னு நான் எழுதிட முடியுமாங்க?”

அன்றிரவே சோதனையை மாற்றினோம். பெட்டி இப்போது பத்து நொடிக்கு ஒருமுறை விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து, அதில் ஒரு குறிப்பிட்ட சொல் இருக்கிறதா என்று பார்க்கிறது. தரவுத்தளம் பதிலளித்தால்தான் அந்தச் சொல் பக்கத்தில் தோன்றும். தொடர்ந்து மூன்று முறை தோன்றாவிட்டால் அடையாறுக்கு மாற்றும். ஆக முப்பது நொடி, அதனோடு ஆயுட்காலம் அறுபது நொடி. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் பெரும்பாலோர் புதிய இடத்துக்கு வந்துவிட வேண்டும். வடத்தைப் பிடுங்கிச் சோதித்தோம். எங்கள் கைபேசி ஒன்றரை நிமிடத்துக்குள் வந்தது. மற்றொரு சேவையாளரின் இணைப்பில் இருந்த கைபேசிக்கு ஆறு நிமிடம் ஆயிற்று. எல்லா இடைநிலையாளர்களும் ஆயுட்காலக் குறிப்பை மதிப்பதில்லை. அதற்கு நாம் செய்யக்கூடியது ஏதும் இல்லை.

நலச் சோதனை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கியது நினைவிருக்கும். பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளையால் அந்நிறுவனத்தின் உள் வலையமைப்பு துண்டிக்கப்பட்டது. தரவு மையங்களை எட்ட முடியாததைக் கண்ட அதன் டி.என்.எஸ். வழங்கிகள், தாங்களே நலமின்றி இருப்பதாக முடிவு செய்து இணையத்திலிருந்து தம்மை விலக்கிக்கொண்டன. காவலர் அனைவரும் ஒரே நேரத்தில் ‘எனக்கு உடல்நலம் இல்லை’ என்று விடுப்பில் போனது போல. ஆகவே எல்லா இடங்களும் சோதனையில் தோற்றால் என்ன பதில் சொல்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்று கற்றோம்.

அந்தக் கேள்வியோடுதான் வேறொரு கேள்வியும் வந்தது. ஒரு நாள் இரவு உணவின்போது எங்களில் ஆசிரியையாக இருப்பவர் கேட்டார்: “தி.நகரும் அடையாறும் வேற வேற இடம்னு சொல்றீங்க. பெருமழை வந்தா ரெண்டும் சேர்ந்துதானே நனையும்?”

வலையமைப்பு அறிந்தவரிடம் விடை இல்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவை இந்நகரில் வாழ்ந்த எவரும் மறக்க இயலாது. அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் நீரில் மூழ்கின. மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தவர்க்கும் கதவைத் திறந்து வைத்தன. மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாததால், 1878 முதல் வெளிவரும் தி ஹிந்து நாளிதழின் சென்னைப் பதிப்பே மறுநாள் வெளிவரவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 12இல் வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. 2021 நவம்பரில் தி.நகர்த் தெருக்களில் வெள்ளம் தேங்கி நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம். ஓர் ஊருக்குள் இரண்டு வீடு வைத்திருப்பது, ஊர் முழுவதற்கும் வரும் துன்பத்திலிருந்து காக்காது. பெயர் வழங்கிகளை நிலவியல் அளவிலும் வலையமைப்பு அளவிலும் விலக்கி வைக்க வேண்டும் என்று 1997இலேயே ஆர்.எஃப்.சி. 2182 அறிவுரை கூறியிருக்கிறது. துறை அறிந்தவர் அதைப் படித்திருந்தார். துறை அறியாதவரே அதைக் கேள்வியாகக் கேட்டார்.

இரண்டு மாற்றங்கள் செய்தோம். அடையாறுப் பெட்டியைத் தரைத்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு ஏற்றினோம். அத்துடன் மும்பையில் வாடகைக் கணினி ஒன்றை எடுத்து, அதே கருவியின் மென்பொருள் வடிவத்தை அதில் நிறுவினோம். இந்த மூன்றாமவரால் வேறொரு நன்மையும் கிடைத்தது. தி.நகருக்கும் அடையாறுக்கும் இடையே மட்டும் தொடர்பு அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது இறந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். இப்போது மூவரில் இருவர் சொல்வதே முடிவு. சென்னையின் இரண்டு தளங்களும் வீழ்ந்தால், மும்பையில் உள்ள ஒரு சிறு பக்கம் திறக்கும். அதில் விண்ணப்பப் படிவம் இல்லை. “கோளாறு எங்களுடையது, நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. பெயரையும் கைபேசி எண்ணையும் இங்கே பதியுங்கள், நாங்களே அழைப்போம்” என்ற வரிகள் மட்டும் இருக்கின்றன. அந்த வாசகத்தை எழுதியபோது சென்ற ஆண்டு அழைத்த தந்தையின் குரல்தான் எங்கள் காதில் இருந்தது.

இவ்வாண்டுக் கடைசி நாளும் வந்தது. மாலையில் இடியோடு மழை. இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு தி.நகர் அலுவலகத் தெருவில் மின்சாரம் போனது. யூ.பி.எஸ். சிறிது நேரம் தாங்கியது. பின் அதுவும் ஓய்ந்தது. முதன்மைத் தளம் நின்றது, அடையாறு பொறுப்பேற்றது என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. நாங்கள் இருவரும் கைபேசிகளை முன்னே வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். எந்த அழைப்பும் வரவில்லை. விண்ணப்பங்கள் அடையாறில் பதிவாகிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு மணிக்குத் தளம் மூடியது. அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

ஆனால் உறக்கம் வரவில்லை. சென்ற ஆண்டும் பெரும்பாலோர் அழைக்கவில்லையே! அழைப்பு வராததை மட்டும் வைத்து அனைவரும் நலம் என்று எப்படி எழுதுவது? அதுவும் ஒரு ‘பிங்’ சோதனைதானே? இதற்கெனவே இவ்வாண்டு ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். படிவத்தைத் தொடங்கி முடிக்காமல் விட்டவர்களின் பட்டியலைத் தளம் தனியே சேமிக்கும். அவர்களுக்கு மேலும் இரண்டு நாள் தர நிர்வாகக் குழு முன்பே இசைந்திருந்தது. காலையில் பார்த்தபோது பத்தொன்பது பெயர்கள் இருந்தன. ஃபஜ்ரு முடிந்து, மனிதர்களை அழைக்கத் தகுந்த நேரம் வந்ததும், ஒவ்வொருவராக அழைத்தோம்.

தளம் மாறிய அந்த நிமிடங்களில் சிக்கியவர்கள் இருவரே. ஏனையோரின் காரணங்கள் வேறு. ஒரு மாணவிக்குக் கைபேசியில் டேட்டா தீர்ந்திருந்தது. ஒருவருக்கு வருமானச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. ஒரு தாய்க்குப் புகைப்படத்தை ஏற்றத் தெரியவில்லை. தெரிந்த அண்ணன் இரவுப் பணிக்குப் போயிருந்தார். ஒரு மாணவன், “இதெல்லாம் நமக்குக் கிடைக்காதுன்னு பாதியிலேயே விட்டுட்டேன், டீச்சர்” என்றான். எங்கள் பெட்டிகளும் முப்பது நொடிச் சோதனைகளும் மும்பைக் கணினியும் இவர்களில் எவருக்கும் உதவியிருக்க முடியாது. ஓர் அழைப்பு உதவியது. பத்தொன்பது பேரில் பதினேழு பேர் விண்ணப்பத்தை முடித்தார்கள். இருவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. அவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்பு இறைவன் மீது பொறுப்புச் சாட்டும்படி நபிகளார் (ஸல்) அறிவுறுத்தியதாக வரும் செய்தி நம் வீடுகளில் சிறுவர்க்கும் தெரியும். அதைப் பலமுறை சொல்லியிருக்கிறோம். கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்ததில்லை. இவ்வாண்டு இழுத்துப் பார்த்தோம். முதல் முடிச்சு அவிழ்ந்தது, மீண்டும் கட்டினோம். அதன் பிறகும் கட்ட முடியாதவை மிச்சம் இருந்தன என்பதையும் கண்டோம்.

இணையதளப் பொறுப்பில் உள்ளோர்க்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. பெயர்ப் பதிவின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று இன்றே கேளுங்கள். கருவி வாங்க வசதி இல்லாவிட்டாலும், ஆயுட்காலக் குறிப்பு எத்தனை நொடி என்று பாருங்கள். தளம் நின்றால் வருவோர்க்கு என்ன சொல்வது என்பதை, நிற்பதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒரு சொல். சென்ற ஆண்டு அந்த இரவில் முயன்று பார்த்துவிட்டு, எங்களை அழைக்காமல் கைபேசியை வைத்துவிட்டவர்கள் எவரேனும் இதைப் படிக்கக்கூடும். நீங்கள் எதையும் தவறாக அழுத்தவில்லை. குறை எங்கள் பக்கம் இருந்தது, மன்னியுங்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பம் திறக்கும்போது, இன்ஷா அல்லாஹ், மீண்டும் வாருங்கள்.